அரைப்பேர் என்றால் என்ன?

பாடசாலை ஆலோசகர் பயிற்சிக்கு வருகிறவர்கள், என் முதல் கேஸ் எப்படிப் போனது என்று கேட்பார்கள். என் கையை விட்டுத்தான் போனது. அதுவும் ரிஃபாயாவிடம்.

பட்டப்பின் டிப்ளோமாவில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நோர்வூட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தே பயிற்சி. அவள் வாப்பாவுக்கு ஹட்டனில் துணிக்கடை. நான் லிந்துலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஒரே இளக்காரம். ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் மொய்த்தது அவளைத்தான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எனக்குக் கிடைத்தவள் பத்தாம் தரத்துச் சுகன்யா. அம்மா வெளிநாட்டில், இவள் சித்தி வீட்டில். படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத் தடுக்கத்தான் என்னிடம் அனுப்பினார்கள்.

"எங்க வீட்ல அரைப்பேருதான் டீச்சர்" என்றாள்.

எனக்கா தெரியாது? கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். சித்திக்குச் சம்பளம் போதவில்லை என்று நானே முடிவுகட்டினேன். "வெளங்குதும்மா" என்று சொல்லி, ரிப்போர்ட்டில் 'வறுமை' என்று எழுதினேன். அவள் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். ரிஃபாயா அவளைப் பார்த்திருக்கிறாள். சுப்பர்விஷனில் எங்கள் விரிவுரையாளர் மேடம் முன்னால் தன் குறிப்பை வாசித்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "எனக்கு வெளங்கல்ல மகள். அரைப்பேருண்டா என்ன?"

பிள்ளை முதலில் கொழுந்துக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பிறகு, "சித்தி புள்ளைங்க முழுப்பேரு, நான் அரைப்பேரு டீச்சர். அவங்க சாப்ட்டு மிச்சம் இருந்தாத்தான் எனக்கு. ஸ்கூல் வேணாமுன்னு நான் சொல்லல. அந்த வீடுதான் வேணாம்" என்று அழுதிருக்கிறாள்.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க கேக்கலையா?"

"அந்த வார்த்தை எனக்குத் தெரியும் மேடம்."

"அதனாலதான் கேக்கல" என்றவர், கேஸை ரிஃபாயாவுக்கு மாற்றினார். அன்று முழுக்க நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரிஃபாயா அதிபரிடமும், போனில் சுகன்யாவின் அம்மாவிடமும் பேசி, கந்தப்பளையில் பெரியம்மா வீட்டில் பிள்ளையைச் சேர்த்தாள். அங்குள்ள பாடசாலையில் படிப்பு தொடர்ந்தது. நானோ அன்றிலிருந்து, தெரிந்த வார்த்தையாக இருந்தால் இரண்டு தடவை கேட்கிறேன். தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள்.

பயிற்சி முடிந்து நாங்கள் இருவரும் அங்கேயே நியமனம் பெற்றோம். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று சுகன்யா கந்தப்பளையிலிருந்து பஸ் ஏறி எங்கள் அறைக்கு வந்தாள். நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வணக்கம் டீச்சர். ரிஃபாயா டீச்சர் இல்லீங்களா?"

"இருக்காங்கம்மா, கூப்பிடுறேன்" என்று எழுந்து போனேன்.