காற்று இறங்கும் வரை

விருத்தாசலத்தில் எது ஆடினாலும் அடியில் ஒரு சூளைக்கல்லைத் தள்ளுவோம். சூளையில் வெந்து வெந்து கழித்துப்போட்ட பழைய செங்கல் அது, ஊரில் சும்மாவே கிடைக்கும். கட்டில் கால், கிரைண்டர், கோழிக்கூண்டு, எல்லாவற்றுக்கும் அதுதான் முட்டு. எங்கள் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது போடும் ஆட்டத்துக்கும் என் வீட்டுக்காரர் கல்தான் வைப்பார், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

செராமிக் கம்பெனியில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவர் அங்கேயே லோடிங் மேஸ்திரி. வீட்டில் அவர் பேச்சு, யார்டில் என் பேச்சு என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் இரண்டு இடத்திலும் என் பேச்சுதான் எடுபடும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரும்புப் பட்டை ஸ்பிரிங் வைத்த லாரிகளையே பார்த்துப் பழகிய எங்கள் யார்டுக்குப் போன வருஷம் ஒரு புது டிரெய்லர் வந்தது. பட்டைக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு மேலே காற்றடைத்த ரப்பர் பைகள். ரோட்டில் அது சொகுசு. லோடிங் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்திப் பாரம் ஏற்றும்போதுதான் தொல்லை. நான் ஃபோர்க்லிஃப்டோடு டிரெய்லருக்குள் போனால் வால்பக்கம் அமுங்கும், வெளியே வந்தால் எழும்பும். வாஷ்பேசின் அடுக்கிய பலகையோடு அந்த விளிம்பைத் தாண்டுவது எனக்கு விளையாட்டா?

டிரைவர் வேப்பூர்க்காரர், விவரமானவர். “காத்த எறக்கிட்டு ஏத்துங்க. தளம் கெட்டியா ஒக்காந்துக்கும். முடிஞ்சதும் நான் திரும்ப ரொப்பிக்கிறேன், ரொப்பாம ஓட்டுனா பை கிழிஞ்சிடும்” என்றார். எனக்குச் சரியென்று பட்டது. தளம் ஒரு சாண் தாழ்ந்துபோகும், பிளாட்பாரத்துக்கும் அதற்கும் நடுவில் இரும்புத் தகடு போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

அந்தத் தகட்டைத் தூக்கத்தான் எங்கள் மேஸ்திரிக்கு வலித்தது.

“எதுக்குடி அவ்ளோ கனத்தத் தூக்கணும்? வாலுக்கு அடியில ரெண்டு கல்லு குடுத்தா ஆடாம நிக்கப்போவுது.”

“கல்லு கில்லு ஒண்ணும் வேணாங்க. காத்துதான் எறங்கணும்” என்று சொல்லிவிட்டு முதல் பலகையை எடுக்கக் கிடங்குக்குள் போனேன்.

திரும்பி வரும்போது டிரைவர் இந்தப் பக்கம் சக்கரத்தருகே நின்று, “எல்லாரும் தள்ளி நின்னுட்டீங்களா?” என்று கேட்டார். லோடிங் ஆட்கள் “ஆச்சுண்ணே” என்றார்கள். அவர் வால்வைத் திருப்பினார். புஸ்ஸென்று காற்று கிளம்பியது. பிளாட்பாரத்து உயரத்திலிருந்து எனக்கு மட்டும் மறுபக்கம் தெரிந்தது. வாலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேய்ந்த அந்த நீலச் செருப்பு நான் வாங்கிக்கொடுத்தது.

ஹாரன் அடிக்கவில்லை. நான் எப்போதும் ஹாரன் அடிப்பவள், ஒருவரும் திரும்பமாட்டார்கள். “கைய எடுய்யா!” என்று கத்தினேன். ஊரறிய அவரை ‘யோவ்’ கணக்கில் அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலேயே அவர் கையை இழுத்துக்கொண்டு புரண்டார். வால் இறங்கியது. அவர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்த இரண்டு கல்லில் மேல் கல் வறுக்கி ரொட்டி மாதிரி நொறுங்கிப் பொடியாக விழுந்தது. எத்தனையோ வருஷம் சூளை நெருப்பைத் தாங்கிய கல்.

எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. பின்னாலேயே கோபம் வந்து அதைத் தள்ளிவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கி, எல்லாரையும் வரிசையாகத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்தேன். டிரைவரையும் விடவில்லை. “இனிமே ரெண்டு பக்கமும் நான் போயி பாத்துட்டு சரின்னு சொன்னாதான் வால்வத் தொடணும்.” மேஸ்திரி தகட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். தளம் அம்மிக்கல்லாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் ஏற்றினேன். ஒரு பேசினிலும் கீறல் இல்லை. அந்த விதிதான் இன்றுவரை யார்டில் நடக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து துணியைப் போட்டேன். மெஷின் வழக்கம்போல ஆடத் தொடங்கியது. அவர் கொல்லையிலிருந்து கல்லோடு வந்து குனிந்தார். கை பாதி வழியில் நின்றது.

“நிறுத்திட்டியா?”

நான் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக் காட்டினேன். டிரம் சுற்றி ஓயும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் “சரி” என்றதும்தான் கையை மெஷினுக்கு அடியில் விட்டார்.