தலைக்கு ஒரே விலை

லூவான் கைப்பையில் உணவகச் செலவுக்கென்று தனி உறை ஒன்று இருந்தது. ஒஹையோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் தின்னாமல் கொட்டுவதைத் தினமும் பார்க்கிறவள், விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்த இடத்தில் மட்டும் காசை இறைப்பாளா? காலையில் விடுதிக்காரன் சும்மா தரும் வாஃபிள். மத்தியானம் காரின் பின்கதவைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஐஸ்பெட்டியில் இருந்து ரொட்டியும் ஹாம் என்கிற பன்றிக்கறித் துண்டும். சாயங்காலம் ஒருவேளைதான் உணவகம். அங்கேயும் குடிக்கத் தண்ணீர்தான், கோக் கேட்டால் முறைப்பாள். பரிமாறுகிற பெண்ணுக்கு வைக்கும் டிப்ஸில் மட்டும் அவள் கை வைக்கமாட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் அவள் புருஷன் கர்ட் மெனுவை மூடிவைத்துவிட்டு, “எனக்கு ஒரு சூப் போதும்” என்றான்.

“மெனுவ நீ பாக்கவே இல்லியே?”

“பாத்தேனே. வெலையப் பாத்தேன், பசி போயிடுச்சு.”

பரிமாறவந்த பெண் சிரித்துவிட்டாள். லூவானுக்குப் பெருமை. கூரை போடுகிற வேலை அவனுக்கு, மாட்டு விலா ஒரு தட்டு நிறைய வைத்தாலும் எலும்புதான் மிஞ்சும். அப்பேர்ப்பட்டவன் தன் இரண்டு பெண்களுக்காக வாயைக் கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் சூப், அதற்கடுத்த நாளும் சூப். உறை தடிமனாகவே இருந்தது.

அவள் ஒன்றுமே கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. மத்தியானம் ரொட்டியின் ஓரத்தை அவன் கடற்காகங்களுக்கு வீசினான். தண்ணீரை விழுங்கும்போது நெஞ்சுக்குழியில் கையை அழுத்திக்கொண்டான். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. வெயில்தான் காரணம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மனசும் கேட்டுக்கொண்டது.

வியாழக்கிழமை பஃபே. வாசலிலேயே தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்கள், உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். கொடுத்த காசுக்குச் சாப்பிடவேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டையே அவள் நிறுத்திவிட்டாள்.

“யாரும் எதையும் தொடக்கூடாது. வயித்தக் காலியா வெச்சுக்கணும்.”

“நாம என்ன ஆபரேஷனுக்கா போறோம்?” என்றாள் மூத்தவள் பெத்தனி.

கர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கே நண்டுக்கால் மலையாகக் குவிந்திருந்தது. பொரித்த இறால், சோளமாவு உருண்டை, சீவிச் சீவிப் போடுகிற மாட்டிறைச்சி. பெண்கள் இரண்டும் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தன. கர்ட் வந்தான், ஒரு கிண்ணம் சூப்போடு.

லூவான் சிரித்தாள். “இங்க சூப்புக்கும் அதே காசுதான், கர்ட். யாருக்கு மிச்சம் புடிக்கிறே?”

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. ஆமாம், யாருக்கு? அவன் கரண்டியால் சூப்பைக் கிளறினான். அவள் எழுந்து போய் இறைச்சித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“ஒரு வாய் சாப்பிடு.”

பிள்ளைகளைப் பார்த்தான். நகத்தளவுக்கு நறுக்கி வாயில் வைத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

“எல்லாம் நல்லா இருக்கா, கண்ணுங்களா?” என்று கேட்டபடி பரிமாறுகிறவள் போனாள். அவன் தலையாட்டினான். பிறகு காகிதத் துவாலையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

லூவானும் பின்னாலேயே போனாள். கார்களுக்கு நடுவே அவன் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

“எப்போலேர்ந்து?”

“ஈஸ்டருக்கு முன்னாடிலேர்ந்து.”

“டாக்டர்கிட்ட போகல?”

“போனா டெஸ்ட்டும்பான். காப்பீட்டுக்காரன் குடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள நம்ம கைக்காசு ஆயிரக்கணக்குல போயிடும். இந்த விடுமுறையே போயிருக்கும், லூ. பொண்ணுங்க எவ்ளோ ஆசையா இருந்துச்சுங்க.”

“முட்டாள். அடிமுட்டாள் நீ.”

“தெரியும்.” சட்டைக்கையில் வாயைத் துடைத்தான். குரல் இறங்கிவிட்டது. “எங்கப்பாவுக்கும் மொதல்ல ரொட்டிதான் எறங்கல.”

அவனுடைய அப்பா செத்து, எடுத்தபோது அவர் காலி மிட்டாய் அட்டைப்பெட்டி மாதிரி கனமே இல்லாமல் இருந்தார். லூவான் பார்த்திருக்கிறாள்.

“காலைல வீட்டுக்குக் கெளம்பறோம்.”

“சனிக்கெழம வரைக்கும் ரூமுக்குக் கட்டியாச்சே.”

“கட்டினது கெடக்கட்டும்.”

உள்ளே போய்ப் பெண்களைக் கிளம்பச் சொன்னாள். “கேக்கு இன்னும் எடுக்கலியே!” என்றாள் பெத்தனி. “எடுத்துக்கோ. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ” என்றாள் லூவான். அந்தக் குரலைக் கேட்டதும் பெத்தனிக்குக் கேக் பக்கம் போகத் தோன்றவில்லை.

காரில் லூவான்தான் ஸ்டியரிங் பிடித்தாள். பின்சீட்டில் இருந்து சின்னவள் ஹேலி கையை நீட்டினாள். வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தும், யாருக்கும் தெரியாமல் சோளமாவு உருண்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“இந்தாப்பா. ஒனக்குப் புடிக்குமேன்னு எடுத்தேன். இன்னும் சூடா இருக்கு.”

கர்ட் வாங்கிக்கொண்டான். “அப்புறம் சாப்பிடறேன்டா கண்ணு” என்றான்.

“இப்பவே சாப்பிடுப்பா, ஆறிடும்” என்றாள் ஹேலி.