கடல் தாண்டிய பல்செட்டுகள்

பல்லுவலியில கன்னத்தைப் பிடிச்சிக்கினு அலைஞ்சவங்க எல்லாம் கிட்ட வந்து உட்காருங்க, நாம ஒரே கட்சி. நான் ராபர்ட்சன்பேட்டை பஜார்ல பல்செட் கட்டுறவன். முன்ரூம்ல டாக்டரம்மா பல்லைப் பிடுங்குவாங்க, பின்ரூம்ல நான் செட் செய்வேன். எங்க தொழில்ல ஒரு சௌகரியம் உண்டு: அச்செடுக்க வாயில மெழுகை வெச்சதும் எப்பேர்ப்பட்டவரும் பேச்சை நிறுத்திடுவார், எடுத்ததும் வட்டி போட்டுப் பேசுவார். அப்படிக் காதுல விழுந்ததுதான் இதெல்லாம்.

ஸ்டெப்னி

எங்க ஊர் தங்கச் சுரங்கத்துல ஆளைக் குறைச்சிக்கினே வந்த தொண்ணூறுகள்ல, ரிடையர் ஆனவங்க சிலபேர் ஆஸ்திரேலியாவுல இருக்கிற பிள்ளைங்க கிட்டயே குடிபோனாங்க. போறதுக்கு முன்னாடி முதல்ல பாஸ்போர்ட், அப்புறம் ஊறுகாய், அதுக்கப்புறம் என் கடை. "சோறு, வீடு எல்லாம் பிள்ளைங்க பார்த்துக்குதுங்க, பல்லு மட்டும் இங்க யானை வெலை"ன்னு முன்னாடி போனவங்க போன்ல சொல்லிட்டாங்க.

பூமிக்கடியில மரம் முட்டுக் கொடுக்கிற வேலை செஞ்ச ஆரோக்கியசாமி அண்ணன் ஒரே மூச்சில ரெண்டு செட் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "நான் கட்டினா ஒண்ணே காலத்துக்கும் வரும்ணே"ன்னேன். அவர் விடல.

"நீ கட்டறது கெட்டிதான், யாரு இல்லேன்னா? புது லாரின்னாலும் ஸ்டெப்னி இல்லாம எவனாவது மலை ஏறுவானாடா?"

வாயில மெழுகோட கேட்டது

தனம் அக்கா வீட்டுக்காரர் வைண்டிங் இன்ஜின் ஓட்டினவர். ஷாஃப்ட்ல, அதான் சுரங்கக் குழியில, ஆளுங்க ஏறி இறங்கற கேஜ் கூண்டு அவர் கையிலதான் இருந்தது. அவர் காலமானதும், மெல்போர்ன்ல இருக்கிற ஒரே மகன் "அம்மா, எல்லாத்தையும் முடிச்சிக்கினு இங்கயே வந்துடு"ன்னான். அக்காவுக்கு மகன்கிட்ட போக ஆசைதான். ஆனா மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுல தங்கச்சி ராணி, கால் விளங்காம படுக்கையில கிடந்தாங்க. கூடப் பிறந்தது அவங்க ரெண்டே பேர். போனா திரும்பி வந்து ராணியைப் பார்க்க முடியுமா? அந்த ஒரு கவலைதான் அக்காவுக்கு.

மேல்வரிசை ஏற்கெனவே காலி. கீழே நாலு பல்லு மிச்சம். அதையும் பிடுங்கிட்டு முழு செட்டா கட்டிக்கச் சொல்லி மகன் போன் பண்ணியிருந்தான். மேல் தாடைக்கு நான் அச்செடுத்துக்கினு இருக்கும்போது வாசல்ல ஆரோக்கியசாமி அண்ணன்! பொக்கை வாயோட ஆஸ்திரேலியாவுலயிருந்து வந்திருக்கார். ஒரு செட்டை பேரனோட நாய் கடிச்சுட்டதாம். ஸ்டெப்னியைப் போட்டுக்கினு பீச்சுக்குப் போய் பலமா சிரிச்சிருக்கார், அலை கொண்டு போயிடுச்சு.

"அங்க ஒரு செட்டுக்குச் சொன்ன வெலையில, போக வர ஏரோப்ளேன் டிக்கெட்டு எடுத்து, உன்கிட்ட ரெண்டு செட்டு கட்டிக்கினு, பஜார்ல பிரியாணியும் துன்னுட்டுப் போலாம்டா மணி!"ன்னார்.

மெழுகு வெச்ச வாயோட அக்கா கண்ணு ரெண்டும் பளபளன்னு ஆச்சு. மெழுகை எடுத்ததும் முதல் பேச்சே இதுதான்:

"மேல மட்டும் கட்டுப்பா. கீழ இருக்கிற நாலு மேல ஒருத்தரும் கை வெக்காதீங்க."

அங்க எது வெலை

மெல்போர்ன் போன மறுவருஷமே அக்கா வந்தாங்க. ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கு, மூஞ்சியில கல்யாணக் களை. அப்படி ஒரு பல்லுவலிக்காரங்களை நான் பார்த்ததில்ல. டாக்டரம்மா சொத்தையைப் பிடுங்கினாங்க. புண்ணு ஆறணும்னு சாக்குச் சொல்லி, ராணி கூடவே ரெண்டு மாசம் இருந்து, தலை வாரி, கதை பேசி, கஞ்சி ஊட்டிட்டுக் கிளம்பினாங்க.

"அங்க செலவெல்லாம் எப்படிக்கா?"ன்னு கேட்டேன். மகன் தங்கமாம், மருமகளும் குறை வெக்கறதில்லையாம். ரெண்டு பேரும் வீட்டுக் கடனுக்கு ஓடி ஓடி உழைக்கறாங்களாம். வீட்டுக்காரர் விட்டுப்போன பணத்தையும் அந்த வீட்டுலயே போட்டாச்சாம். அக்கா கன்னத்தைத் தடவிக்கினே சொன்னாங்க:

"அரிசி இன்னா வெலை, பாலு இன்னா வெலைன்னு எனக்குத் தெரியாதுப்பா. 'ராணியைப் பார்க்கணும், டிக்கெட்டு எடுடா'ன்னு ஓடிக்கினு இருக்கிற புள்ளகிட்ட வாயைத் திறக்கணும் பாரு, அங்க அதான் பெரிய வெலை. பல்லு வலின்னா நான் கேக்கவே வேணாம், அவனே கணக்குப் போட்டு அனுப்பிடறான்."

கெட்டி வேலை

அடுத்த வருஷம் இன்னொரு பல்லு, இன்னொரு பயணம். மிச்சம் ரெண்டே ரெண்டு. எனக்குத் தொழில் ஆசை. "அதையும் எடுத்துடலாம்க்கா. கீழயும் முழு செட் கட்டித் தரேன், ஆட்டுக்கால் எலும்பைக் கடிக்கலாம். காலத்துக்கும் வலியே கிடையாது"ன்னேன். "என் டிக்கெட்டைப் புடுங்கறேன்றியே, நீ இன்னா தம்பி?"ன்னு அக்கா சீறினாங்க.

அப்புறம் குரலை இறக்கி, மேல் செட்டை மட்டும் ஒரு வருஷத்துல உடையற மாதிரி புதுசா கட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. அக்காவுக்காக எதையும் செய்வேன், அதை மட்டும் செய்ய மாட்டேன். என் கையில உடையற செட் வராதுன்னு சொல்லிட்டேன்.

"இவ்ளோ கெட்டியா கட்டற உன்னால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லடா!"

மகன் வந்த வருஷம்

சுரங்கத்தை மூடின வருஷம் மகனும் கூட வந்தான். அப்பா வேலை செஞ்ச ஷாஃப்டைக் கடைசியா பார்க்கணும்னு வந்தவன், அம்மாவை நேரா என் கடைக்கு அழைச்சிக்கினு வந்துட்டான். "அண்ணே, அந்த ரெண்டையும் எடுத்துட்டு ஒரேடியா செட் போட்டுடுங்க. வருஷா வருஷம் இந்த வயசுல அம்மா இவ்ளோ தூரம் அலையறாங்க, பாவமா இருக்கு." நல்ல பிள்ளை. பாசத்துலதான் கேட்டான். நாற்காலியில அக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிக்கினு என்னையே பார்க்கிறாங்க. என் வாயில மெழுகு வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

டாக்டரம்மா வந்து ரெண்டு பல்லையும் தட்டிப் பார்த்தாங்க, ஆட்டிப் பார்த்தாங்க. "கல்லு மாதிரி இருக்கு. நல்ல பல்லை நான் பிடுங்க மாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டாங்க. எனக்கு உயிர் வந்தது. அக்காவும் கையைத் தளர்த்தினாங்க. அதுக்குள்ள மகன் குஷியா அம்மா தோளைத் தட்டினான்.

"அப்போ இனிமே பல்லு வலியும் இல்ல, அலைச்சலும் இல்ல, நிம்மதியா வீட்டோட இரும்மா!"

ஊரிகம் ஸ்டேஷன்

வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ராணியை விட்டு வந்த வாட்டம் அக்கா மூஞ்சியில அப்படியே இருந்தது. வண்டி கிளம்பற நேரத்துல அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இருக்கறதுலயே கெட்டியான கடலை மிட்டாயாப் பார்த்து வாங்கினாங்க. "அம்மா, வேணாம்மா, பல்லு போயிடும்"னு மகன் பதறினான்.

"போனா போவட்டும்டா, டாக்டரம்மாதான் கல்லு மாதிரி இருக்குன்னாங்களே!"

கடல் தாண்டிக் குடியிருக்க எவ்வளவு செலவாகும்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா திரும்பி வர இன்னா ஆகும்னு தெரிஞ்ச தனம் அக்கா, நான் கட்டின மேல் செட்டை நம்பி, மிட்டாயை அந்த ரெண்டு பல்லு மேல சரியா நகர்த்தி வெச்சு, என்னைப் பார்த்துக்கினே ஒரே கடி கடிச்சாங்க.