அகல முனை

கும்பகோணத்தில் மிக்ஸி பழுதுபார்க்கும் கடையில், கடைக்காரத் தம்பி பிடித்திருந்த பற்றவைக்கும் கோலின் ஊசிமுனை ஈயத்தைத் தொட்டதும் புகை வந்தது. அந்த வாசனை என்னைச் சின்ன வயசுக்கு இழுத்துக்கொண்டு போனது.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். அப்பா மைக்செட் வாடகைக்கு விடுவார். ஒரு அறுவடையில் பண்ணையாரோடு கூலித் தகராறு. வெளியூர் ஆட்களோடு பண்ணை லாரி வந்தால் மைக்கில் கூப்பிடுவது, ஊரே ஓடிவந்து பாதையை மறிப்பது என்று பேச்சு.

லாரி தெரிந்ததும் அப்பா மைக்கைப் பிடித்தார். சத்தமே வரவில்லை. பெட்டிக்குள் இரும்புத் தகட்டில் பற்றவைத்த ஒயர் விட்டுப்போயிருந்தது. தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடும், ஊசிமுனைக்கு அடங்காது; கோலில் கனமான அகல முனையை மாட்டினால்தான் ஈயம் ஒட்டும்.

"அகல முனை எங்கடி?"

எனக்குத் தெரியும். அவர் எப்போதும் ஊசிமுனையைத்தான் எடுப்பார். கறுத்துக் கிடந்த அந்தச் செம்புத் துண்டு வீண் என்று நினைத்து, முதல்நாள்தான் பேரீச்சம்பழக்காரரிடம் பழைய சாமானாய்ப் போட்டுப் பழம் வாங்கித் தின்றிருந்தேன்.

"தெரியலப்பா."

ஊசிமுனையையே தகட்டில் வைத்து அழுத்தினார். ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது. "ஒட்டித் தொலையேன்" என்று அதனிடம் கெஞ்சினார். லாரி எங்கள் வாசலைக் கடந்தது. கோலைப் போட்டுவிட்டு, வரப்பில் கத்திக்கொண்டே ஓடினார். யாருக்கும் கேட்கவில்லை. தனியாளாய் லாரியை மறித்தவரைக் கயிற்றுக்கட்டிலில் தூக்கி வந்தார்கள். அதன்பின் அவர் எழுந்து நடக்கவேயில்லை. முனையைப் பற்றிக் கேட்கவுமில்லை.

"தம்பி, அகல முனை வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா. மிக்ஸிக்கு அது வேணாம்."

"வேணாம்தான். எடுத்து என் கண்ணுல காட்டுங்க."