பின்சீட்டுக்கு அடியில்

என் மனைவி இறந்த பிறகு, அவளுடைய கார் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே மாதக்கணக்கில் அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குப் போய்வர அவள் வாங்கிய கார். நான் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவன். ஒருநாள் தூசி படிந்த கண்ணாடியில் யாரோ விரலால் ‘கழுவு’ என்று மலாய் மொழியில் எழுதிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டுச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. கிடந்த பெட்ரோல் கெட்டிருக்குமோ என்று புதிதாக ஊற்றியும் பார்த்தேன். அப்போதும் பிடிக்கவில்லை.

மச்சானைக் கூப்பிட்டேன். அவளுடைய ஒரே தம்பி. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறான். தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. கருமாதிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. சண்டை எதுவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அவள் ஞாபகம் வரும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கினான்.

“ஸ்டார்ட் அடிங்க மாமா.”

அடித்தேன். கார் இருமுவதுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“போதும் போதும். பேட்டரி ஓகேலா. கரண்டு வருதான்னு பாப்போம்.”

பிளக் ஒன்றைக் கழற்றி, எஞ்சின் இரும்பின்மேல் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னான். நீலமாகப் பொறி பறந்தது. பிளக்கின் முனையை மோந்து பார்த்தான். பெட்ரோல் வாடையே இல்லாமல் காய்ந்து கிடந்தது.

“எண்ணெ வரல மாமா. சாவிய பாதி மட்டும் திருப்புங்க.”

பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைத்துக் கேட்டான். பெட்ரோல் பம்ப் ஓடினால் உள்ளே மெல்லிய முனகல் கேட்குமாம். ஒன்றும் கேட்கவில்லை. ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது.

“பம்ப் பின்சீட்டுக்கு அடியில இருக்கு. சீட்டக் கழட்டணும்.”

நான் பின்கதவைத் திறந்தேன். கடைசி மாதங்களில் அவளால் உட்கார முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பின்சீட்டில்தான் படுத்திருப்பாள். அவள் தலையணை இன்னும் அங்கேயே இருந்தது. அவனும் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றான். நான் தலையணையை எடுத்து முன்சீட்டில் வைத்தேன்.

சீட்டை இருவரும் சேர்ந்து தூக்கினோம். பம்ப்புக்கு மேலே ஒரு வட்ட மூடி. அதற்குள் போகிற ஒயரின் இணைப்பு பச்சை பூத்துப் போயிருந்தது.

“தண்ணி எறங்கியிருக்கு. எப்படி மாமா இங்க தண்ணி…”

அவன் பாதியில் நிறுத்தினான். இணைப்பைச் சுற்றி, சீட்டு இடுக்குக்கு நேர் கீழே, தகரத்தின் பள்ளத்தில், மாத்திரைகள் கிடந்தன. ஒரு கைப்பிடி இருக்கும். சில முழுசாக, சில கரைந்து தகரத்தோடு ஒட்டி, எல்லாம் வெள்ளை.

வீடு திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நான்தான் அவள் கையில் கொடுப்பேன். “முழுங்கிட்டேன், வண்டிய எடுங்க,” என்பாள். நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காரை எடுப்பேன்.

“சின்னப் புள்ளையிலேயே அக்கா இப்படித்தான்,” என்றான் மச்சான். “நாக்குக்கு அடியில வச்சிருந்து சன்னல் வழியா துப்பிடும். அம்மாகிட்ட நான்தான் போட்டுக் குடுப்பேன்.” சிரிக்கத்தான் பார்த்தான். முகம் கோணிப்போய், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் தோளில் கை வைக்கத் தோன்றியும் வைக்கவில்லை. மேல்மாடியிலிருந்து யாரோ பையோடு இறங்கி வந்து, எங்களைப் பார்த்து, என்னாச்சு என்று கேட்டார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினான். சாவியைத் திருப்பினேன். பின்னால் அந்த முனகல் கேட்டது. எஞ்சின் இரண்டு தடவை திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கீழ்த்தளம் முழுக்கப் பரவியது. இருவருமே சந்தோஷப்படவில்லை.

“எந்த மாத்திரை மாமா இது?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வகை கொடுத்திருந்தார்கள். ஒன்று நோய்க்கு, ஒன்று வலிக்கு. இரண்டும் வெள்ளை. நோய் மாத்திரையைத்தான் துப்பினாள் என்றால், எங்களுக்கு முன்பே, போதும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வலி மாத்திரை என்றால், அவ்வளவு வலியையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டு, என் முதுகைப் பார்த்தபடி படுத்திருந்திருக்கிறாள்.

“மருந்துக் கடையில காட்டுனா சொல்லிருவாங்க மாமா,” என்றான்.

“வேணாம் மச்சான்.”

அவன் வற்புறுத்தவில்லை. பழந்துணியில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். சீட்டைப் பழையபடி மாட்டினோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஃபெரியில் கூட்டமாகிவிடும் என்று கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு தீபாவளிக்குத்தான் வந்தான். மனைவி பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கார் ஓடுகிறதா என்று கேட்டான்.

“ஓடுது,” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.