உள்ளிருந்து அரித்த சைலன்சர்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வெள்ளி வண்ணம் பூசியது. முத்துப்பேட்டை பட்டறை பாய் எங்கள் காரின் சைலன்சரைக் கழற்றித் தரையில் போட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். தகடு அப்பளம்போல நொறுங்கியது. உள்ளேயிருந்து செம்பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். தூசி படக்கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றி, ஏசி போட்டு, பின் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்து நானே கொண்டுபோய் விடுவேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜின் ஓடியபடியே கால் மணி நேரம் நிற்போம். ஒரு மாதமாக அவளுக்குத் தலைவலியும் குமட்டலும் இருந்தன. "மாசமா இருக்கறப்ப இதெல்லாம் வர்றதுதானே" என்று பெரிய விவரக்காரன்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில், காரில் ஏதோ உறுமுகிறதே என்றுதான் பாயிடம் நிறுத்தினேன். வளைகுடாவில் பல வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். காரைப் பார்க்குமுன் நெற்றியை அழுத்திக்கொண்டு இறங்கிய என் மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, கார்ல வந்தா மட்டும்தான் தலை வலிக்குதா?"

"ஆமாங்க பாய். இறங்கிக் கொஞ்ச நேரத்துல சரியாயிடுது."

பாய் உடனே காருக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் வரும், நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடாகி அது வெளியே போய்விடும், மூன்று கிலோமீட்டரில் அணைத்தால் உள்ளேயே தண்ணீராகத் தங்கி அரித்துவிடும் என்றார். தண்ணீர் வடிய இருந்த சிறு துளையையும் வயல் சேறு அடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டைகள் வழியே கசிந்த புகை, பின்கதவின் கிழிந்த ரப்பர் இடுக்கில் உள்ளே வந்திருக்கிறது.

"எனக்கு வாடையே வரலியே பாய்?"

"கொல்ற வாயுவுக்கு வாடை கிடையாதுங்க. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். தங்கச்சி இனிமே இந்த வண்டில ஏற வேணாம். டாக்டர்கிட்ட புகை விஷயத்த மறக்காம சொல்லுங்க."

டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பை எங்களுக்குக் கேட்கும்படி வைத்து, "நல்லா இருக்கு. சரியான நேரத்துல கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். கண்டுபிடித்தது நானில்லை, பட்டறை பாய்தான் என்றேன்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. ஞாயிறுதோறும் குழாய் நன்றாகச் சூடாகட்டும் என்று தஞ்சாவூர்வரை ஓட்டிவிட்டு வருகிறோம். போன வாரம் நானும் மகளும் சர்வீசுக்குப் போனபோது, "பாப்பா எப்படி இருக்கீங்க?" என்றார் பாய்.

"நான் நல்லா இருக்கேன் மாமா. காருக்குத்தான் இருமல்."

அவர் சிரிக்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு உடனே அடியில் போனார். வெளியே வந்து, "ஒண்ணுமில்லம்மா, குழாயப் பிடிக்கிற கிளாம்ப்தான் லூசு" என்று சொன்ன பிறகுதான் மூன்று பேரும் சிரித்தோம்.