மிதிச்சா மிதிச்சதுதான்

வலது கால் கிடைத்துவிட்டது. இடது காலைக் காணவில்லை.

கோமதிநாயகம் குத்தவைத்து உட்கார்ந்து, மற்றவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாக விலக்கித் தேடினார். முதுகில் வெயில் அடித்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து அவர் முகத்தில் பட்டது. ஒவ்வொரு முறையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காற்றை வாங்குவதும் அந்தக் கடையில் சாமான் வாங்குவதும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

இடது கால், யாருடையதோ கனமான தோல் செருப்புக்கு அடியில் கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. சந்தேகமே இல்லை. அவர் மனைவி பேச்சித்தாயின் செருப்பு.

இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். சாலையின் இரு பக்கமும் பார்த்தார். எதிரே இருந்த தன் கடையை நோக்கி ஓடினார். ஐம்பத்து நான்கு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பாதி வழியில் தார் சுட்டது. இன்னும் வேகமாக ஓடினார். கடைக்குள் வந்ததும் காலி உளுந்து மூட்டைக்குள் செருப்பைப் போட்டு, வாயைச் சுருட்டி மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

திருவேங்கடம் சாலையில் கோமதி ஸ்டோருக்கு நேர் எதிரே சூப்பர் மார்க்கெட் வந்து மூன்று மாதம் ஆகிறது. திறப்பு விழா அன்று வாசலில் கணபதி ஹோமம் நடந்தது. ஹோமம் என்பதால் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். மறுநாள் ஹோமம் இல்லை. ஆனால் உள்ளே தரை அவ்வளவு வெள்ளையாக இருந்தது. முதலில் வந்த பெண்மணி ஒரு கணம் யோசித்துவிட்டு வாசலிலேயே கழற்றினாள். அடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்துக் கழற்றினார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

மானேஜர் கோயம்புத்தூர்க்காரர். வாசலில் நின்று கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார்.

“போட்டுட்டே வாங்கம்மா. இங்க கழட்ட வேண்டியதில்லைங்க.”

“நல்லாருக்கே தம்பி. இந்தத் தரையில செருப்போட நடந்தா வெளங்குமா?”

அவர் விட்டுவிட்டார்.

அந்தச் செருப்புக் குவியல்தான் கோமதிநாயகத்துக்குத் தினசரி செய்தியாயிற்று. அவரால் தனியாக அதைப் படிக்க முடியாது. படிப்பவர் ரிபாயி. கோமதி ஸ்டோரை ஒட்டிய செருப்புக் கடை ரிபாயியுடையது. ஊரில் பாதிப் பேர் காலில் கிடப்பது அவர் கொடுத்தது. இருவரும் தத்தம் வாசலில் நின்று சாலைக்கு அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

“அந்தப் பழுப்பு, குதி உசந்தது, ராயகிரி டீச்சரு.”

“போன வாரம்கூட நம்மகிட்ட புளி வாங்குனாவளே.”

“இன்னைக்கு உள்ள இருக்காவ அண்ணாச்சி. அந்தா, அந்தத் தோலு வக்கீலு. நடை சரியில்ல அவருக்கு. வலது குதியத் தேச்சிட்டாரு பாருங்க.”

சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு கோமதிநாயகத்தின் வாடிக்கையாளர்கள் அவரை முழுதாக விட்டுவிடவில்லை. மாதச் சாமான்களை அங்கே வாங்கினார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு இல்லை என்று தெரிந்தால் இவரிடம் வந்தார்கள். பெரிய பைகளோடு அவர் கடையைக் கடந்து போகையில் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று அந்த ஊரில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் கவலைப்பட்டதில்லை. ஜுலைகா பீவி என்ற வாடிக்கைக்காரி ஆட்டோவைச் சுற்று வழியில் விடச் சொல்கிறாள் என்றும், அதற்கு ஆட்டோக்காரர் தனிக் கூலி கேட்கிறார் என்றும் ரிபாயி கேள்விப்பட்டு வந்து சொன்னார். கோமதிநாயகத்துக்கு அதில் சற்று ஆறுதல் இருந்தது. மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது.

கோமதிநாயகம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்து கடை போட்டவர். கடை ஒன்று, வீடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தெரு வியாபாரிகள் சங்கம் ஒன்று. மூன்றாவதில்தான் அவருக்குப் பேச வாய்ப்பு. எனவே, சூப்பர் மார்க்கெட் திறந்த வாரமே சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வியாபாரி வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் கடை வாசற்படியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்த வியாபாரி கூட்டத்தில் எழுந்து, எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ரிபாயி வழிமொழிந்தார்.

முதலில் மாட்டியவர் எண்ணெய்க் கடை பாதுஷா. அவருடைய மாமியார் உள்ளே போயிருக்கிறார். பாதுஷா எவ்வளவோ வாதாடினார்.

“அவ்வோ ஒண்ணும் வாங்கல அண்ணாச்சி. வெயிலு தாங்கலன்னு ஏசியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தாவ. அதுக்கு நான் எந்திரிச்சி நிக்கணுமா?”

“வாங்குனாவளா வாங்கலையான்னா தீர்மானத்துல இருக்கு? மிதிக்கக் கூடாதுன்னு இருக்கு. மிதிச்சா மிதிச்சதுதான்.”

பாதுஷா எழுந்து வருத்தம் தெரிவித்தார். உட்காரும்போது கோமதிநாயகத்தைப் பார்த்த பார்வை ஒரு வருத்தமும் இல்லாததாக இருந்தது. அடுத்த கூட்டம் நாளை மாலை.

இன்று வெள்ளிக்கிழமை. ரிபாயி ஜும்மாவுக்குப் போகும்போது வழக்கம்போல, “கடையப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். கோமதிநாயகமும் வழக்கம்போல அரிசி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினார். லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் விழித்தபோது எதிர் வாசலில் நீலம் தெரிந்தது. ரிபாயி திரும்பினால் ஒரே பார்வையில் படித்துவிடுவார். அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஓடியதுதான்.

எடுத்தாயிற்று. மூட்டை மேல் கை இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது, வழக்கமாகத் தள்ளுபடி அறிவிக்கும் ஒலிபெருக்கி எதிரே கரகரத்தது.

“வாடிக்கையாளர்கள் கவனத்துக்குங்க. வாசல்ல ஒரு அம்மாவோட செருப்பு காணாமப் போயிருச்சுங்க. நீலக் கலரு, ரப்பருங்க. வாருல ஊக்கு குத்துனதுங்க. யாராச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருந்தா தயவுபண்ணித் திருப்பிக் கொடுங்க.”

இரண்டாம் முறை ஊக்கு எந்தக் காலில் என்றும் சொன்னார்கள்.

கோமதிநாயகம் பள்ளிவாசல் இருந்த திசையைப் பார்த்தார். யாரும் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்தார். சற்று நேரத்தில் தொப்பி அணிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையில் தென்பட்டார்கள். அவர்களில் ரிபாயியும் வந்தார். அந்தப் பக்கமாகவே நடந்தவர், சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றார். குனிந்து எதையோ பார்த்தார். எடுத்தார். சாலையைக் கடந்து கோமதி ஸ்டோருக்கு வந்து, ஒரு ஜோடி ஆண் செருப்பைப் படியில் வைத்தார்.

“அண்ணாச்சி, இது உங்களுதுல்லா?”

கோமதிநாயகம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வெறும் கால்கள். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு முன் தன் செருப்பையும் கழற்றிப் போட்டிருக்கிறார். வெள்ளைத் தரையைப் பார்த்ததும் கால் தானாகச் செய்த வேலை.

“நான் உள்ள போகல, ரிபாயி.”

“பின்ன? செருப்பு மட்டும் போச்சா?”

“அது வந்து...”

“தீர்மானம் போட்ட ஆளு நீங்க. வழிமொழிஞ்ச ஆளு நான். எங்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. ஏசிக்கா போனீய?”

“சத்தியமா மிதிக்கல வே. வாசல்லதான் உக்காந்திருந்தேன்.”

“வாசல்ல எதுக்கு உக்காந்தீய?”

அதற்குப் பதில் சொன்னால் மூட்டையைத் திறக்க வேண்டும். கோமதிநாயகம் கொஞ்சம் யோசித்தார். மனைவி போனதற்கு வருத்தம் தெரிவிப்பதைவிடத் தானே போனதாகச் சொல்லி வருத்தம் தெரிவிப்பது மேலா, கீழா என்று கணக்குப் போட்டார். தானே போனதாகச் சொன்னால் பாதுஷா ஆயுள் முழுக்கச் சிரிப்பார். மனைவி போனதாகச் சொன்னால் ஆயுள் முழுக்கச் சிரிப்பதோடு, வீட்டிலும் சாப்பாடு கிடைக்காது.

“ஏசிக்குத்தான்” என்றார்.

அந்த நேரத்தில் பேச்சித்தாய் சாலையைக் கடந்து வந்தாள். கையில் எதுவும் இல்லை. காலில் பளபளவென்று புதுச் செருப்பு. சிவப்பு.

ரிபாயியின் கண் நேராகக் காலுக்குப் போனது. அவர் மனிதர்களை எப்போதும் கீழிருந்துதான் பார்ப்பார்.

“மதினி, இது நம்ம சரக்கு இல்லியே.”

பேச்சித்தாய் புருஷனைப் பார்த்தாள். புருஷன் உளுந்து மூட்டையைப் பார்த்தார்.

“இல்லதான். எதுத்த கடையில குடுத்தாவ. எஞ் செருப்ப எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். அந்த மானேஜரு தம்பி பாவம், அழுதுருவாருபோல இருந்துச்சி. மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, எது வேணுமோ எடுத்துக்கிடுங்கம்மான்னு சொன்னாரு. எடுத்துக்கிட்டேன்.”

“நீ அங்கன எதுக்குட்டி போன?” கோமதிநாயகத்தின் குரல் சங்கத்தில் பேசும் குரலாக இருந்தது. “நம்ம கடையில என்ன இல்ல?”

“எல்லாம் இருக்கு. எனக்கு எது வந்திருக்கு? விக்காதது வந்திருக்கு. நமத்த பிஸ்கட்டு, ஒடஞ்ச அப்பளம், எலி கடிச்ச சோப்பு. ஊருல உள்ள பொம்பளையெல்லாம் இது வேண்டாம், அத எடுங்கன்னு கேட்டு வாங்குதா. பலசரக்குக் கடைக்காரன் பொண்டாட்டி என்னைக்காவது கேட்டு வாங்கியிருக்காளா?”

“அதுக்கு?”

“அதுக்கு, போயி சோப்ப மோந்து பாத்தேன். ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நீங்க தூங்குத நேரம், ரிபாயி தம்பி பள்ளிக்குப் போற நேரம். யாருக்கும் தெரியாதுன்னுதான் வெள்ளிக்கிழமையில போறேன்.”

“போறியா? இதுக்கு முன்னாலயும் போனியா?”

“சோப்பு ஒரு நாள்ல மோந்து முடிக்கிற அளவுக்கா வச்சிருக்கான்?”

கோமதிநாயகம் சட்டம் தேடினார். “ஒண்ணும் வாங்கலல்லா? வாங்காம மோந்து மட்டும் பாத்தா, அது...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாதுஷாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ரிபாயி படியில் இருந்த ஆண் செருப்பையும், பேச்சித்தாயின் சிவப்புச் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மதினி உள்ள இருந்திருக்காவ. நீங்க ஏசிக்குப் போனேங்கீய. அப்போ ரெண்டு பேரும் உள்ளயா இருந்தீய?”

“இவ்வோ அங்கன வரவே இல்லியே” என்றாள் பேச்சித்தாய்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கோமதிநாயகம் மூட்டையைத் திறந்து நீலச் செருப்பை எடுத்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரிபாயிக்குப் புரிய ஒரு கணம்தான் ஆயிற்று. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பேச்சித்தாய் சிரிக்கவில்லை.

“களவாண்டது நீங்களா? அந்தத் தம்பி அத்தன பேரு முன்னால என்னயக் கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் உங்கள என்னவெல்லாம் ஏசுனேன் தெரியுமா? கை வெளங்காமப் போவன்னு சொல்லியிருக்கேன்.”

“ஊக்கு குத்துன செருப்பத்தானட்டி எடுத்தேன்.”

“அந்த ஊக்கும் உங்க கடையில விக்காத ஊக்குதான்.”

ரிபாயி ஒருவழியாகச் சிரித்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“விடுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல ஆபிதா பானு போகும்போது செருப்ப மஞ்சப் பையில போட்டு உள்ளயே கொண்டுட்டுப் போயிருதா. செருப்புக் கடைக்காரன் வீட்டுல இருந்துக்கிட்டு அதுகூடத் தெரியலன்னா எப்படி? நான் பையப் பாக்கதில்ல. வாசல்ல கெடக்கதத்தான் பாக்கேன்.”

“எவ்வளவு நாளா?”

“தீர்மானம் போட்ட மறுநாள்லேருந்து. சங்கத்துல சொல்லிராதீங்க.”

பேச்சித்தாய் நீலச் செருப்பை எடுத்துக்கொண்டாள். சிவப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாரோ என்று புருஷனைப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அந்தப் படியை யாராவது மிதிக்க வேண்டும். அவள் சிவப்பைப் போட்டுக்கொண்டு, நீலத்தைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. கோமதி ஸ்டோர் ஆறு மணிக்குத் திறந்தது. காலையில் தேங்காய்களும் உப்பும் கொஞ்சம் கடுகும் போயின. எதிரே மானேஜர் ஒரு பலகை வைத்தார். செருப்புடன் உள்ளே வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. வந்தவர்கள் பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். பதினொரு மணி வாக்கில் பேச்சித்தாய் வந்து கடைக்கு வெளியே நின்று, சோப்புக் காட்டச் சொன்னாள். கோமதிநாயகம் இருந்த நான்கு சோப்பையும் எடுத்து வைத்தார். நான்கையும் மோந்து பார்த்தாள். ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜுலைகா பீவி வெந்தயம் வாங்கினாள். மாலையில் சங்கக் கூட்டம் நடந்தது. கோமதிநாயகம் எழுந்து, தன் வீட்டு ஆள் படியை மிதித்ததற்கு வருத்தம் தெரிவித்தார். பின்னால் கேட்கவில்லை என்றார் பாதுஷா. இன்னொரு முறை சொன்னார். ரிபாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார்கள். டீ வந்தது.